இடது கைச் சூடு

ஆனந்தவல்லி அமெரிக்காவுக்குப் போகிறாள் என்று சூப்பர்வைசர் பெலிக்ஸ் சார் கம்பெனி கேன்டீனில் வைத்துச் சொன்னபோது பாண்டிசெல்வி தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளோடு லைனில் வேலைபார்க்கிற பெண்கள் மொத்தமும் எழுந்து கைதட்டினார்கள். அவளும் தட்டியிருக்க வேண்டும். கையில் சோறு இருந்ததால் தப்பித்தாள்.

போகிறவள் வேறு யாராவதாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஆனந்தவல்லி அவளுடைய ஓர்ப்படியாள். மூத்தவன் சோணைமுத்துவுக்கு வாக்கப்பட்டவள் பாண்டிசெல்வி, இளையவன் ஜெயபாண்டிக்கு வாக்கப்பட்டவள் ஆனந்தவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே வாசல், இரண்டு அடுப்பு. சோணைமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஜெயபாண்டி ராணுவத்தில் இருக்கிறான். வருடத்தில் பத்து மாதம் எங்கோ பனியில் நிற்கிறான். ஒரே வாசலில் இரண்டு மருமகள்கள் இருந்தால், எவள் அடுப்பில் என்ன தாளிக்கிறது என்பதே பெரிய விஷயம். அதில் ஒருத்தி விமானம் ஏறப்போகிறாள் என்றால் இன்னொருத்திக்கு எப்படி இருக்கும்? எரிந்தது. அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை எரிந்தது. அதை மூடி மறைத்துச் சொல்வதில் ஒன்றும் இல்லை.

அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே பாண்டிசெல்விதான். டிப்ளமா படித்துவிட்டு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போய், "எங்க வீட்டுப் பிள்ள சார், நல்லாச் செய்வா" என்று பெலிக்ஸ் சாரிடம் நிறுத்தியவள் அவள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்த்திவைத்து வேலையைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

வேலை என்றால் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தக் கம்பெனியில் கைக்கடக்கமான ஸ்பீக்கர் செய்தார்கள். அமெரிக்காக்காரர்கள் குளிக்கும்போதுகூடப் பாட்டுக் கேட்பார்களாம். அதற்காகத் தண்ணீர் புகாத ஸ்பீக்கர். தண்ணீரைத் தடுப்பது உள்ளே சுற்றிப் போடுகிற ஒரு ரப்பர் வளையம். சேமியா கனம்தான் இருக்கும். அதை ஸ்பீக்கரின் பள்ளத்தில் முறுக்கு விழாமல் உட்காரவைக்க வேண்டும். ஒரு இடத்தில் புரண்டால் போதும், தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சோதிக்கும்போது குமிழ் விடும். பெட்டிக்குப் போகாது, கழிவுக் கூடைக்குப் போகும்.

லைன் ஓடும் அறையில் ஏசி எப்போதும் குளிரக் குளிர ஓடும். அந்தக் குளிரில் வளையம் விறைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். ஆரம்பத்தில் எல்லோரும் திணறினார்கள். பாண்டிசெல்விதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வலது கை ஒரு வளையத்தைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது அடுத்த வளையம் இடது உள்ளங்கைக்குள் மூடிக் கிடக்க வேண்டும். கைச்சூட்டில் அது இளகிவிடும். எடுத்துவைத்தால் சமர்த்தாக உட்காரும். அவள் செய்ததில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடக் குமிழ் விடவில்லை. கேட்டவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள், கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஆறு மாதத்தில் லைனில் இருந்த இருபத்தெட்டுப் பெண்களின் இடது கையும் மூடியே இருந்தது.

இதில் ஒரு சங்கடம். கம்பெனிச் சட்டப்படி வளையத்தை வெறுங்கையால் தொடவே கூடாது. வேர்வை படும், எண்ணெய்ப் பிசுக்குப் படும் என்பார்கள். ட்வீசர் என்கிற சின்னக் கிடுக்கியால் எடுத்து அதாலேயே வைக்க வேண்டும். சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதனால் வெளியாட்கள் வந்து சோதிக்கிற ஆடிட் அன்றைக்கு மட்டும் எல்லோரும் ட்வீசரைக் கையில் எடுப்பார்கள். பெலிக்ஸ் சார் முதல் நாளே வந்து, "நாளைக்கு எல்லாரும் சுவத்துல இருக்க மாதிரி செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்குக் கழிவுக் கூடை நிரம்பும். மறுநாள் ட்வீசர் டிராயருக்குள் போய்விடும். ஒரு முறை ஆடிட் அன்று மறந்துபோய் வெறுங்கையால் எடுத்த மகாராஜபுரத்துப் பெண் ஒருத்தியை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து, வெளியாள் கேட்டால் 'ட்வீசர்தான்' என்று சொல்வது எல்லோருக்கும் நாக்கிலேயே பழகிவிட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த லைனுக்குப் போன தை மாதம் செய்தி வந்தது. அமெரிக்காவில் சாமான்களை இனி அங்கேயே செய்ய வேண்டும் என்று வரியை ஏற்றிவிட்டார்களாம். ஸ்பீக்கர் வாங்குகிற கம்பெனி, ஒஹையோ பக்கம் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த தன் பழைய பாக்டரியைத் திறந்து வெள்ளையடிக்கிறதாம். பாதி ஆர்டர் அங்கே, பாதி இங்கே.

"சைனாவுல இருந்து இங்கன வந்துச்சு. இப்ப இங்கன இருந்து அவுக ஊருக்கே போகுதாக்கும்" என்றாள் ஒருத்தி.

"அவுகளுக்கு இந்த வளையத்தப் போட வருமாட்டி? விரலு ஒண்ணொண்ணும் முருங்கக்கா கணக்கா இருக்கும்லா" என்றாள் இன்னொருத்தி. லைனே சிரித்தது.

சொல்லிக்கொடுக்க இங்கிருந்து ஒரு ஆள் மூன்று மாதம் போக வேண்டும் என்று பெலிக்ஸ் சார் சொன்னதும் சிரிப்பு நின்றது. எல்லோரும் பாண்டிசெல்வியைப் பார்த்தார்கள். அவளும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் வராதுதான். ஆனால் கைக்கு எதற்கு இங்கிலீஷ்? அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் மொட்டமலை தாண்டும்போதே அவள் மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டாள். எந்தச் சேலை, எத்தனை பாக்கெட் ஊறுகாய் என்பதுவரை முடிவாகிவிட்டது.

கெடுத்தது வீடியோ. போகிற ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, வேலையைப் படம் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். சென்னையிலிருந்து கேமராக்காரர் வந்தார், கூடவே அமெரிக்கக் கம்பெனியின் ஆள் ஒருவர். வெளியாள் என்றால் லைனுக்கு ஆடிட்தான். யாரும் சொல்லாமலே இருபத்தெட்டு ட்வீசர்களும் வெளியே வந்தன.

முதலில் பாண்டிசெல்வியின் கையைத்தான் எடுத்தார்கள். நாலு வருடமாக ஆடிட் நாளைத் தவிர ட்வீசரைத் தொடாத கை அது. வளையம் நழுவி விழுந்தது. இரண்டாவது முறை பள்ளத்தில் வைத்தாள், புரண்டது. மூன்றாவது முறை வளையமே தெறித்துக் கேமராக்காரர் சட்டையில் போய் ஒட்டியது. கூச்சத்தில் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. 'இந்த இழவை எறிந்துவிட்டு என் கையால் செய்யவா' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. சட்டம் தடுத்தது.

"பக்கத்துல உள்ளவங்க செய்யட்டும்" என்றார் கேமராக்காரர்.

பக்கத்தில் இருந்தது ஆனந்தவல்லி. டிப்ளமா லேபில் ட்வீசர் பிடித்துப் பழகியவள். நிதானமாக, நகத்தில் ரோஸ் பாலீஷ் பளபளக்க, ஒன்றை எடுத்துப் பள்ளத்தில் வைத்துக் காட்டினாள். வந்த ஆள் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவளும் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அவ்வளவுதான், ஒஹையோ அங்கேயே முடிவாகிவிட்டது. கேன்டீனில் சொன்னது வெறும் சடங்கு.

வீட்டில் அதற்குப் பிறகு நடந்த அமர்க்களத்தைச் சொல்லி மாளாது. ஆனந்தவல்லி சென்னைக்கு விசா வாங்கப் போனாள், வந்தாள். தெருவே வந்து விசாரித்தது. மாமியார் சுடலையம்மாள் காய்கறிக்காரரிடம்கூட, "எங்க சின்ன மருமவ வெள்ளக்காரனுக்குப் பாடம் எடுக்கப் போறாய்யா" என்றாள். ஜெயபாண்டி எல்லையிலிருந்து போன் போட்டு, "மதினி, அவள நீங்கதான ஆளாக்கி விட்டிய, உங்க புண்ணியம்" என்றான். அந்தப் புண்ணியத்தை வைத்து என்ன செய்வது என்று பாண்டிசெல்விக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்தாள். புருஷனைத்தான் பொறுக்க முடியவில்லை. பாண்டிசெல்வி அன்றாடம் கால் கடுக்க வேலைக்குப் போய்வருகிறாள், ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவிட்டதில்லை சோணைமுத்து. இப்போது தம்பி பொண்டாட்டிக்கு மதுரையில் போய்ப் பெட்டி வாங்கிவந்தான். சக்கரம் வைத்த நீலப் பெட்டி.

"இங்காருங்க, எனக்கு எப்பவாது ஒரு மஞ்சப்பை வாங்கித் தந்திருக்கியளா?" என்று கேட்டேவிட்டாள்.

"நீ எங்கட்டி போற, பெட்டி வாங்குறதுக்கு?" என்றான் அவன். வெள்ளந்தியாகத்தான் கேட்டான். அதுதான் இன்னும் எரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் ஆனந்தவல்லி இந்தப் பக்கத்து அடுப்படிக்கு வந்தாள். பெட்டியில் வைக்கப் பால்கோவா டப்பாக்களைத் துணியில் சுற்றிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். வீடியோவுல ட்வீசர்லதான காமிச்சிருக்கோம். அங்கன போயி உங்க கைச்சூட்டு விசயத்தச் சொல்லிக்குடுக்கட்டுமா? ட்வீசர்ல அம்புட்டு நல்லா உக்காராதுல்லா."

பாண்டிசெல்வி தோசையைத் திருப்பிப் போட்டாள். அவளுடைய கைச்சூட்டை இவள் கொண்டுபோய் வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்குவாளாம். நீலப் பெட்டிக்குள் பால்கோவாவோடு சேர்த்து அதையும் கட்டிக்கொண்டு போவாளாம்.

"மூச்சு விட்டுராத வல்லி" என்றாள், குரலில் அக்கறையைக் குழைத்து. "இங்கனயே ஒருத்திய மூணு நாள் வீட்டுக்கு அனுப்புனாக. அங்கன கேக்கவா வேணும்? சட்டம் மீறிச் செய்யச் சொல்லுதான்னு மறுநாளே பிளேன் ஏத்தி விட்டுருவாக. ட்வீசர்லயே சொல்லிக்குடு. பழகப் பழக வந்துரும்."

"அப்படியாக்கா?"

"நான் உனக்குக் கெடுதலா சொல்லுவேன்?"

ஆனந்தவல்லி நம்பினாள். தலையை ஆட்டிக்கொண்டு, "நல்லவேள கேட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தோசை தீய்ந்திருந்தது. அந்தத் தோசையைப் பாண்டிசெல்வியே தின்றாள். தான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சட்டம் சட்டம்தானே? ஆனால் எதற்காகச் சொன்னோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

போய்ச் சேர்ந்த முதல் வாரம் போட்டோவாக வந்து குவிந்தது. குல்லாய் போட்ட ஆனந்தவல்லி, பனியில் நிற்கும் ஆனந்தவல்லி, இரண்டு ஆள் உயர வெள்ளைக்காரியின் தோளில் கை எட்டாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆனந்தவல்லி. சோணைமுத்து ஒவ்வொரு படத்தையும் லோடு ஏற்ற வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். "எந்தம்பியும் பனிலதான் நிக்கான், அவன் பொண்டாட்டியும் பனிலதான் நிக்கா" என்று அதில் ஒரு பெருமை வேறு. கம்பெனி பஸ்ஸில் பாண்டிசெல்வி ஏறினாலே, "உங்க வல்லி எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாதி கேட்கவில்லை.

நாலாவது வாரம் காலை ஆறு மணிக்கு வீடியோ போன் வந்தது. அங்கே அப்போது சாயங்காலம். ஆனந்தவல்லியின் முகம் வீங்கியிருந்தது.

"யக்கா, ஒண்ணும் சரியா வரமாட்டேங்குது. பத்துல மூணு குமிழ் விடுது. இங்கன பாக்டரிக்குள்ள நம்ம ஏசிய விட ஜாஸ்தி குளுரு. வளையம் கம்பி மாதிரி நிக்குது. பாவம், எம்புட்டோ பேரு வருசக்கணக்கா வேலை இல்லாம இருந்து இப்பத்தான் சேந்திருக்காக. ஐம்பது வயசு அம்மா ஒருத்தவுக தெனமும் ட்வீசர வச்சிக்கிட்டு அழுதாக. என்னையத்தான் எல்லாரும் பாக்காக. வீடியோவுல வந்துச்சே, இப்ப ஏன் வரலன்னு கேக்காக. அடுத்த வாரம் இப்படியே இருந்தா என்னைய ஊருக்கு அனுப்பிருவாக போலுக்கா."

"அப்படியா சொல்லுதாக?" என்றாள் பாண்டிசெல்வி.

"சொல்லிரட்டுமாக்கா? கையில வச்சா உக்காந்துரும்னு?"

"பைத்தியமாட்டி நீ? தப்பு நடந்துக்கிட்டு இருக்கும்போது போயி இன்னொரு தப்பச் சொன்னா தூக்கி வெளிய போட்டுருவாக. பேசாம இரு. போனா போகுது, நம்ம ஊருக்கு வந்துரு."

போனை வைத்ததும் மனசுக்குள் அப்படி ஒரு இனிப்பு. அன்று காலை இரண்டு தோசை கூடத் தின்றாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். அந்த ஐம்பது வயசு அம்மாள் ட்வீசரோடு அழுகிற காட்சி மட்டும் நடு நடுவே வந்தது. தானும் கேமராவுக்கு முன்னால் அப்படித்தானே நின்றோம் என்று ஒரு கணம் தோன்றியது. தலையை ஆட்டி விரட்டினாள். நீலப் பெட்டி வாசலில் வந்து இறங்குகிற நாளைப் பற்றி யோசிப்பது அதைவிட நன்றாக இருந்தது.

எட்டு நாள் கழித்துப் பெலிக்ஸ் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கையில் ஒரு காகிதம்.

"பாண்டிசெல்வி, அமெரிக்காவுல இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு. எதுக்குக் கேக்காங்கன்னு எனக்கும் புரியல. படிக்கேன், கேளு." அவர் இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார். "ராஜபாளையம் லைன்ல, வளையத்தப் பொருத்துறதுக்கு முன்னால வெறுங்கையில மூடி வச்சிச் சூடாக்குற பழக்கம் உண்டா? உண்டுன்னா, அதை முதல்ல ஆரம்பிச்சது பாண்டிசெல்விங்கிறவங்கதானா? சம்பந்தப்பட்டவங்க கையெழுத்தோட பதில் வேணும்."

பாண்டிசெல்விக்குச் சூடு தலைக்கு ஏறியது. என் பேர்! என் பேரைச் சொல்லியிருக்கிறாள்! தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, 'நான் இல்லை, எங்கள் அக்காதான் சட்டத்தை மீறி இப்படிச் சொல்லிக்கொடுத்தாள்' என்று காட்டிக்கொடுத்துவிட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்த என்னையே மாட்டிவிட்டாள். இவளுக்கா நான் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன்?

"சார், இதெல்லாம் யாரு சொன்னா?"

"அது போடல. செத்த நேரம் நிதானமா யோசிச்சுச் சொல்லு." பெலிக்ஸ் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்குத் தெரியாத விஷயமா? இருபத்தெட்டு இடது கையையும் தினமும் பார்க்கிறவர். ஆனால் அவர் கண்ணும் ஆடிட் கண்தான். அவள் இல்லை என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி. "உண்டுன்னு எழுதினா உண்டுன்னு அனுப்புவேன். இல்லன்னு எழுதினா இல்லன்னு அனுப்புவேன். நான் எதுவும் சொல்லல."

உண்டு என்று எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு விநாடி நினைத்துப் பார்த்தாள். மூன்று நாள் வீடு. இல்லை, வேலையே போனாலும் போகும். ஆனந்தவல்லி தப்பித்துவிடுவாள், பழி மட்டும் இங்கே நிற்கும். இல்லை என்று எழுதினால் ஆனந்தவல்லி பொய் சொன்னவள் ஆவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"எங்க லைன்ல யாரும் வெறுங்கையால தொடுறதே கெடையாது சார். எப்பவும் ட்வீசர்தான். எனக்கு அப்படி ஒரு விசயமே தெரியாதுன்னு எழுதுங்க" என்றாள்.

அவர் எழுதினார். அவள் பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டி, பெயர் முழுவதையும் போட்டாள். ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. அறையை விட்டு வரும்போது, தன்னைச் சீண்டியவளுக்கு நல்ல பாடம் கொடுத்துவிட்ட திமிர் நடையில் இருந்தது. லைனில் போய் உட்கார்ந்து, இடது கைக்குள் ஒரு வளையத்தை மூடிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவே கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் அழுகிற குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

அழவில்லை ஆனந்தவல்லி. பதறிப்போயிருந்தாள்.

"யக்கா, என்னக்கா இப்படி எழுதிக் குடுத்துட்டிய?"

"பொறவு எப்படி எழுதணுமாம்? என் பேர நீ எதுக்குட்டி இழுத்த?"

"உங்க பேர இழுக்காம வேற யாரு பேரக்கா சொல்லுவேன்? என்னால அந்த அம்மா அழுறதப் பாக்க முடியலக்கா. வர்றது வரட்டும், வேலை போனா போகட்டும்னு சொல்லிட்டேன். அவுக கையில ஒரு வளையத்தக் குடுத்து மூடி வச்சிக்கச் சொன்னேன். அப்படியே உக்காந்துருச்சு. அன்னைக்கு முழுக்க ஒண்ணுகூடக் குமிழ் விடல. அந்த அம்மா என்னையத் தூக்கிச் சுத்திட்டாக. எஞ்சினீயரு திட்டுவாருன்னு பாத்தா, கையாலதான் தொடக்கூடாது, சூட்டுக்குக் கரண்டுல சூடாகுற ஒரு குட்டி மெத்தை வச்சுக்கிடலாம்னு சிரிக்காரு. இத யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டாக. எங்க அக்கான்னேன். எனக்கும் அவுகதான் சொல்லிக்குடுத்தாகன்னேன்."

பாண்டிசெல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவுகளையே கூப்பிடலாம், இன்னும் ரெண்டு லைன் தொறக்கப் போறோம்னு சொன்னாக. அக்காவுக்கு இங்கிலீசு வராதேன்னேன். எங்களுக்கு அவுக கைதான வேணும்னுட்டாக. பாஸ்போட்டுக்குக்கூட அவுகளே ஏற்பாடு பண்ணுறதாச் சொன்னாகக்கா. எல்லாம் நிச்சயம் பண்ண ஊர்ல இருந்து ஒரு கையெழுத்து மட்டும் போதும்னாக. உங்ககிட்ட முன்னாலயே சொன்னா சந்தோசம் பாதியாப் போகும், திடீர்னு சொல்லணும்னு இருந்தேன். நீங்க தெரியவே தெரியாதுன்னு எழுதிட்டியளே."

"நான்..." என்றாள் பாண்டிசெல்வி.

"நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். கையெழுத்துப் போட்டதுக்கு மேல கேக்க மாட்டேங்காக. நான்தான் அடக்கமாப் பேசுதேன்னு நெனச்சு எம் பேரையே போட்டுட்டாகக்கா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. கோவமாக்கா?"

அடுப்படிக்குள் சோணைமுத்து வந்து நின்றான். "வல்லியா? என்னவாம்?" என்று கேட்டான்.

அவள் அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள். 'அது என்னுடையதுதான், நான்தான் கண்டுபிடித்தேன், மறுபடி எழுதிக் கொடுக்கிறேன்' என்று சொல்லிவிடலாமா? சொன்னால் பெலிக்ஸ் சார் அந்தக் காகிதத்தை எடுத்து முன்னால் போடுவார். நேற்றைக்கு ஏன் இல்லை என்றாய் என்பார்கள். நான் கிளம்பும்போது ஏன் மூச்சு விடாதே என்றாய் என்று ஆனந்தவல்லியும் ஒரு நாள் கேட்பாள். அந்த இரண்டாவது கேள்வி வராமல் இருக்க வேண்டுமானால் முதல் பொய்யின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை. இத்தனை நாள் அடுத்தவளைப் பார்த்து எரிந்தாள். இப்போது அந்தக் காகிதத்தில் 'உண்டு' என்று எழுதியிருக்கக்கூடிய பாண்டிசெல்வியைப் பார்த்து எரிந்தது. அவள் இந்நேரம் பாஸ்போர்ட் ஆபீஸில் நின்றிருப்பாள்.

"எனக்கென்னட்டி கோவம்? நீ நல்லாருந்தாச் சரிதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பத்து நாளில் புதிய படம் சுவரில் ஏறியது. பழைய ட்வீசர் படத்தைக் கிழித்துவிட்டு ஒட்டினார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் அல்லவா, அதனால் ராஜபாளையத்துக்கும் அதே சட்டம். ஒவ்வொரு மேஜையிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெதுவெதுப்பான மெத்தை. அதன்மேல் அடுத்த வளையம் காத்திருக்க வேண்டும். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில், இங்கிலீஷிலும் தமிழிலும், 'ஆனந்தவல்லி முறை' என்று போட்டிருந்தது.

பயிற்சி கொடுக்கப் புதிதாகச் சேர்ந்த ஜெயபாய் வந்தாள். வத்திராயிருப்புப் பெண், இருபத்திரண்டு வயசு. இந்த லைனின் பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவராகச் செய்துகாட்டச் சொன்னாள். மற்றப் பெண்கள் பாண்டிசெல்வியின் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கெங்கோ பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண்டுபிடித்தவளே வாயைத் திறக்காதபோது அவர்கள் எதற்கு வம்பில் மாட்ட வேண்டும்?

பாண்டிசெல்வியின் முறை வந்தது. வளையத்தை எடுத்தாள், வைத்தாள். ஒரே தடவை. பள்ளத்தில் பிறந்ததுபோல உட்கார்ந்தது.

"ஐயோ, யக்கா!" என்றாள் ஜெயபாய். "புதுசுன்னே தெரியலியே. ஒரு தடவ சொன்னதும் பிடிச்சிக்கிட்டியளே. சரி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. கத்துக்கிட்டேன்னு."

தாளில் இரண்டு கட்டம் இருந்தது. கற்றுக்கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஆனந்தவல்லியின் பெயர் அச்சாகியே வந்திருந்தது. கற்றுக்கொண்டவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. பாண்டிசெல்வி அதில் தன் பெயரை எழுதினாள்.

"ஆனந்தவல்லிங்கிறவுக உங்க வீட்டாள்னு சொன்னாக, நெசமாக்கா?" என்று ஜெயபாய் ஆவலாகக் கேட்டாள்.

லைனே கையை நிறுத்திவிட்டுக் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தது. பாண்டிசெல்வி சிரித்தாள். சிரிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆமா" என்றாள். "எங்க வீட்டுப் பிள்ளதான். ரொம்பக் கெட்டிக்காரி."